மாவுக்கட்டு போட்ட காலைச் செவிலியர் மணிக்கொரு முறை தொட்டுப் பார்ப்பது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. பத்து வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. படியில் தவறி விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு உடைந்துவிட்டது. எலும்பை நேராக்கித் தொடை வரை மாவுக்கட்டு போட்டார்கள். வார்டில் இருந்தபோது சிஸ்டர் மணிக்கொரு முறை வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், நகத்தை அழுத்தினார், விரலைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தார். நல்ல காலையும் விடவில்லை. நடுராத்திரியிலும் எழுப்பினார். இரண்டாம் நாள் இரவு ஊசி போட்ட பிறகும் அம்மா வலி தாங்காமல் அழுதார். அப்போது விரலை இழுத்துப் பார்த்த சிஸ்டர், காலுக்கு அடியில் உயரமாக வைத்திருந்த தலையணைகளை எடுத்துவிட்டு உடனே டாக்டரை வரவழைத்தார். "நாடி நல்லாத்தான் இருக்கு" என்று அவரே சொன்னார். ஆனாலும் கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் வலி குறைந்தது. நாடி நன்றாக இருக்கும்போது ஏன் அவ்வளவு அவசரம்? இப்போது வீக்கம் வடிந்து, வேறு கட்டு போட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். நாங்களும் இப்படிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அந்தச் சிஸ்டருக்கு நீங்கள் நன்றி சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவசியம் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அம்மாவின் கால் தசைகள் அன்றிரவு ஆபத்தின் விளிம்பில் இருந்திருக்கக்கூடும். நாடி இருக்கிறதே என்று காத்திருக்காமல் வலியை நம்பினார் பாருங்கள், அதுதான் சரியான மருத்துவம்.

முழங்காலுக்குக் கீழே இருக்கும் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் சுற்றி உறுதியான சவ்வு இருக்கிறது. அது விரிந்து கொடுக்காது. எலும்பு உடைந்ததும் உள்ளே ரத்தம் கசியும், தசை வீங்கும். வீங்க இடமில்லாததால் அறைக்குள் அழுத்தம் ஏறும். வெளியே மாவுக்கட்டும் இறுக்கிப் பிடித்திருந்தால் இன்னும் மோசம். அழுத்தம் ஏற ஏற, தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் முதலில் நசுங்கும். பெரிய தமனியில் ரத்தம் பாயும் வேகத்தை அந்த அழுத்தத்தால் தடுக்க முடியாது. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், வாய்க்காலில் ஏறாது. அதனால்தான் பாதத்தில் நாடி துடிக்கும்போதே உள்ளே தசை ரத்தமில்லாமல் தவித்துக்கொண்டிருக்க முடியும்.

இதை நாங்கள் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிறோம். ரத்தம் கிடைக்காத தசை சுமார் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மீட்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும். இறந்த தசை பிறகு சுருங்கி, கையோ காலோ மடங்கியபடியே நின்றுவிடும். இறுக்கமான கட்டுக்குப் பிறகு இப்படி நேர்வதை ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881-லேயே விவரித்து எழுதினார். இன்றும் இதற்கு மருந்து கிடையாது. முதலில் கட்டைத் தோல் தெரியும்வரை பிளக்க வேண்டும். அதில் சரியாகவில்லை என்றால் அறைகளின் சவ்வையே கீறித் திறந்துவிட வேண்டும். சந்தேகமான நேரங்களில் ஊசி வைத்து அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பார்கள். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் அறையின் அழுத்தத்துக்கும் இடையே வித்தியாசம் 30 மி.மீ. பாதரச அளவுக்குக் குறைந்துவிட்டால் பெரும்பாலும் தாமதிக்காமல் அறுவைக்குப் போவார்கள்.

இப்போது சிஸ்டரின் கைகள் என்ன செய்தன என்று பார்ப்போம். அவர் விரலை இழுத்ததைத்தான் நான் முதலில் சொல்வேன். கால்விரலைக் கீழ்நோக்கி மடக்கினால் முன்பக்க அறையின் தசை நீளும். மேல்நோக்கி இழுத்தால் பின்பக்க அறையின் தசை நீளும். உடைந்த எலும்புக்கு இதில் அசைவே இல்லை. அப்படியிருந்தும் மெதுவாக இழுத்த மாத்திரத்தில் நோயாளி துடித்தால், அது எலும்பின் வலியாக இருக்காது, தசை மூச்சுத் திணறுகிறது என்று பொருள். காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி, நேரம் ஆக ஆகக் கூடும் வலி, ஊசிக்கும் அடங்காத வலி ஆகியவையே மற்ற எல்லா அறிகுறிகளுக்கும் முன்னால் வருகின்றன. விரல் வெளுத்து, ஜில்லிட்டு, அசைவு நின்று, நாடியும் மறைந்துபோகும் நிலை வருவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வார்டில் வலியால் அழும் நோயாளியை "கொஞ்சம் பொறுத்துக்குங்க, எலும்பு முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சமாதானப்படுத்தினால் எனக்கு மனசு பதறும். விரலை இழுத்துப் பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது.

தலையணையை எடுத்ததற்கும் காரணம் உண்டு. சாதாரண வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைப்பது நல்லது. ஆனால் அறைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்ற சந்தேகம் வந்ததும் காலை இதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு மேல் தூக்கினால், ஏற்கெனவே குறைந்துபோன ரத்த ஓட்டம் இன்னும் குறையும்.

நாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலைத் தூக்கினால் புடைத்துத் தெரியும் நரம்புபோன்ற தசைநாணுக்குச் சற்று வெளிப்பக்கமாக ஒரு நாடி உண்டு. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், கொஞ்சம் கீழே இன்னொன்று. இரண்டு விரல்களின் நுனியை மெதுவாகப் பதித்துப் பார்க்க வேண்டும். அழுத்திவிட்டால் நாடியே மறைந்துபோகும். கட்டைவிரலால் பார்த்தால் பார்ப்பவரின் சொந்தத் துடிப்பே குழப்பும். பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் 0 என்றால் நாடி இல்லை, 1 என்றால் பலவீனம், 2 இயல்பு, 3 வழக்கத்தைவிட வலிமை, 4 துள்ளும் துடிப்பு. ஆரோக்கியமான சிலருக்கே பாதத்தின் மேல்நாடி பிறவியிலேயே கைக்குத் தட்டுப்படாது. சர்க்கரை நோயில் தமனிகள் தடித்துப் போயிருந்தாலும் தேடிப் பிடிப்பது சிரமம். இதனால்தான் நல்ல செவிலியர் நாடி கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு குறி போட்டுவிடுவார். அடுத்த ஷிப்டில் வருபவர் அதே இடத்தில் விரலை வைத்தால், மாற்றம் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியும். கைக்குக் கிடைக்காவிட்டால் டாப்ளர் கருவியால் ஒலியைக் கேட்பார்கள்.

நல்ல காலையும் பார்த்தது இதே காரணத்துக்காகத்தான். அம்மாவின் இயல்பு எது என்பதற்கு அந்தக் காலே அளவுகோல். இரண்டு பாதங்களும் சில்லென்று இருந்தால் அறை குளிராக இருக்கலாம். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் யோசிக்க வேண்டும். வெப்பத்தைப் புறங்கையால் பார்ப்பது வழக்கம், அங்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நகத்தை ஐந்து நொடி அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். குளிரில் இது சற்றுத் தாமதமாகும், நகப்பூச்சு இருந்தால் சரியாகத் தெரியாது. மாநிறமோ கறுப்போ உள்ளவர்களுக்குத் தோலை மட்டும் பார்த்து "வெளுக்கவில்லை" என்று முடிவுகட்டுவது தவறு. நகக்கண்ணையும் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். விரல்கள் நீலம் பாரித்து வீங்கியிருந்தால் ரத்தம் உள்ளே வந்தும் சிரை வழியாகத் திரும்ப முடியவில்லை என்று அர்த்தம். அப்போதும் கட்டு இறுக்கம்தானா என்று பார்க்க வேண்டும்.

பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டு "உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டிருப்பார். முன்பக்க அறை வழியாகப் போகும் நரம்பு உணர்ச்சி தரும் சின்னஞ்சிறு இடம் அது. உள்ளங்காலில் தொட்டுப் பார்த்தது பின்பக்க நரம்புக்காக. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பாதத்தில் மரத்த தன்மை முன்பே இருந்திருக்கலாம். அப்படி இருந்தால், முதல் நாளே அதைக் குறித்து வைத்திருந்தால்தான் புதிதாக மரத்ததா, பழையதா என்று பிரித்தறிய முடியும். நடுராத்திரியில் எழுப்பியதும் இதற்காகத்தான். தூங்குபவரின் நாடியைப் பார்க்கலாம். ஆனால் வலி எவ்வளவு, உணர்ச்சி இருக்கிறதா, விரலைத் தானாக அசைக்க முடிகிறதா என்பதை விழித்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் வழியும் இப்படித்தான். முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு தொட்டுப் பார்ப்பது, பிறகு நோயாளியே அசைப்பது, அதன் பிறகுதான் நாம் பிடித்து அசைப்பது. கடைசியாகத் தசை வலிமை. 1943-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட 0 முதல் 5 வரையிலான அளவுமுறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். 0 என்றால் அசைவே இல்லை, 1 என்றால் தசையில் துடிப்பு மட்டும், 2 என்றால் படுக்கைமேல் நகர்த்த முடியும், 3 என்றால் தூக்க முடியும், 4 என்றால் ஓரளவு எதிர்ப்பைத் தாங்கும், 5 முழு வலிமை. கட்டுக்குள் இருக்கும் கால் பகுதியில் இதைச் செய்ய முடியாது. ஆனால் அம்மா வாக்கர் பிடித்து எழுந்து நிற்பதற்கு முன், இரண்டு கைகளின் வலிமையையும் இடது தொடையின் வலிமையையும் யாராவது பார்த்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். வாக்கரைத் தாங்குவது கைதான். இந்த ஒரு சோதனையைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள், பிறகு நோயாளி இரண்டாம் தடவை விழுகிறார்.

இனி வீட்டில். மணிக்கொரு தடவை எழுப்ப வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது. புதுக்கட்டு போட்ட முதல் இரண்டு நாளும் விழித்திருக்கும் நேரத்தில் நாலைந்து தடவையாவது பாருங்கள். அதன்பின் காலையும் இரவும் போதும். விரல்களின் நிறமும் சூடும் மற்றக் காலோடு ஒத்திருக்கிறதா? நகத்தை அழுத்தினால் சிவக்கிறதா? எல்லா விரல்களையும் முகத்தை நோக்கித் தூக்க முடிகிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஒரு நரம்பு, சிறிய எலும்பின் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு மிக அருகில் போகிறது. கட்டு அந்த இடத்தில் அழுத்தினால் பாதத்தைத் தூக்கும் திறனே போய்விடும். விரல் தூக்க முடியவில்லை, மரத்துவிட்டது, வலி மாத்திரைக்கு அடங்காமல் கூடுகிறது என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள், அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டுக்குள் ஒரே இடத்தில் எரிச்சல், ஈரக் கசிவு, துர்நாற்றம் இருந்தால் புண் உண்டாகியிருக்கலாம். சர்க்கரை உள்ளவருக்கு வலி தெரியாமலே புண் வரும் என்பதால், முகர்ந்து பார்க்கத் தயங்காதீர்கள். அரிக்கிறது என்று குச்சியோ ஊசியோ உள்ளே விட வேண்டாம்.

அடுத்த கவலை, அசையாமல் கிடப்பதால் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் உறைவது. கட்டுப்போட்ட காலின் தொடை வீங்குகிறதா, நல்ல காலின் கெண்டைச்சதை ஒரு பக்கமாக வீங்கி வலிக்கிறதா என்று பாருங்கள். பாதத்தை மேலே மடக்கிக் கெண்டைச்சதையில் வலி வருகிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையை இன்று நாங்கள் நம்புவதில்லை. உறைவு இருப்பவருக்கு வலி இல்லாமலும், இல்லாதவருக்கு வலி வந்தும் ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன்தான் சொல்லும். அதுவரை சதையை நீவி விடாதீர்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, அது உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனதாக இருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கால் நல்ல காலைவிட மெலிந்திருக்கும், அது இயல்பு. மாலையில் கணுக்கால் கொஞ்சம் வீங்குவதும் சகஜம். மெலிந்திருக்க வேண்டிய கெண்டைச்சதை மற்றதைவிடப் பருத்திருந்தால்தான் கவனிக்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டுக்கு 10 செ.மீ. கீழே நாடாவைச் சுற்றி இரு கால்களையும் அளப்போம். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் உறைவு இருக்கிறதா என்று தேடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவின் இடது பாதம் இப்போது இரட்டைச் சுமை சுமக்கிறது. உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். எலும்பு கூடிய பிறகு, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கால் தமனியில் அடைப்பு. 1.4-க்கு மேல் இருந்தால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம், சர்க்கரையால் தமனிச் சுவர் கெட்டிப்பட்டு அழுந்த மறுக்கிறது என்றுதான் அர்த்தம். அப்போது கால்விரலில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அதே நாளில் 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்கால் உணர்ச்சியையும் சோதித்து, முடிவை அம்மாவின் சர்க்கரை நோட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.