நிலாவெளிக் காணியை ஈடு வைத்து இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 25 வயது. திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் படித்துவிட்டு, சீனக்குடாப் பக்கம் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் களஞ்சியத்தில் ஒரு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளம் 75,000 ரூபா. லொஜிஸ்டிக்ஸ் துறையில் மேலே வர, இங்கிலாந்தில் ஒரு வருட மாஸ்டர்ஸ் செய்ய ஆசை. கட்டணம் 17,000 பவுண். நிலாவெளிக் காணியை ஈடு வைத்து 80 இலட்சம் எடுத்து, மிச்சத்தை அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் போடலாம் என்று வீட்டில் பேச்சு. காணி தங்கைக்கென்று வைத்திருப்பது. இந்த மாதக் கடைசிக்குள் டெபொசிட் கட்டச் சொல்லி ஏஜென்சிக்காரர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்யலாம்?

- வாசகர், உவர்மலை

பதில்: தம்பி, கட்டாயம் படிக்கப் போங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம், இந்தக் காணியை வைத்தும் வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பது கட்டணம் மட்டும்தான். லண்டனுக்கு வெளியே படிப்பவர் விசாவுக்காக மாதம் 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதச் செலவைக் காட்ட வேண்டும். அது 10,539 பவுண். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். படிப்பு முடிந்த பிறகும் விசாவில் சில மாதங்கள் இருப்பதால் ஒன்றரை வருடத்துக்கு, அதாவது 1,164 பவுண் அறவிடுவார்கள். பவுண் 400 ரூபா என்று வைத்தாலே மொத்தம் ஒரு கோடி 15 இலட்சம் வருகிறது. விமான டிக்கெட்டும் விசாக் கட்டணமும் கடைசி மூன்று மாதச் சாப்பாடு, வாடகையும் இதில் இல்லை.

இனிக் கடன். 80 இலட்சத்தை 13 வீத வட்டிக்குப் பத்து வருடத்தில் கட்டுவதென்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 119,000 ரூபா. "பவுணில் உழைத்தால் இதெல்லாம் ஒரு காசா?" என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் இந்தக் கணக்கை எப்போதும் ஊருக்குத் திரும்பி வந்தால் கிடைக்கும் சம்பளத்தை வைத்துத்தான் போடுவேன். அங்கே தங்குவது உங்கள் கையில் மட்டும் இல்லை. படிப்புக்குப் பிந்திய விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குள் வேலை விசாவுக்கு உங்களை ஸ்பொன்சர் பண்ண ஒரு நிறுவனம் வேண்டும். 2025 ஜூலைக்குப் பிறகு அது பட்டதாரி நிலை வேலையாகவும் இருக்க வேண்டும். பொதுவான குறைந்தபட்சச் சம்பள எல்லை வருடத்துக்கு 41,700 பவுண், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை நிறையக் கிடைக்கும், அதற்கு ஸ்பொன்சர் கிடைக்காது. சரி, திரும்பி வந்து கொழும்பில் இப்போதைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறீர்கள் என்றே வைப்போம். தவணை போக 31,000 ரூபா மிஞ்சும். அதில் கொழும்பில் வாடகை கொடுத்துச் சாப்பிட முடியுமா? 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியதையும் மறக்க வேண்டாம். படிப்பின் நடுவில் அப்படியொன்று வந்தால் 80 இலட்சமும் போதாது.

இன்னொன்று. விசாவுக்கான பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். அதற்கென்று பணம் ஒழுங்கு பண்ணித் தருகிறோம் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யான ஆவணம் பிடிபட்டால் பத்து வருடம் வரை விசா மறுப்பார்கள்.

லொஜிஸ்டிக்ஸில் பட்டத்தை விட அனுபவத்துக்குத்தான் முதலில் விலை. உங்களுக்கு அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கொழும்பு கொள்கலன் துறைமுகம். திருகோணமலைக்கு வருவது கோதுமை, கிளிங்கர் (சீமெந்து மூலப்பொருள்), எண்ணெய் என்று கொள்கலனில் அடைக்காமல் கப்பலில் அப்படியே கொட்டி வரும் மொத்தச் சரக்கு. மாரி மழையில் கோதுமைக் கப்பலின் ஹட்ச்சை (சரக்கறையின் மூடியை) மூடினால் அந்த மணித்தியாலங்கள் சரக்கை இறக்கத் தந்த நேரத்தில் சேருமா, சேராதா? ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வரிதான் அதைத் தீர்மானிக்கிறது. தவறாகக் கணக்கிட்டால் நிறுவனம் டெமரேஜ், அதாவது கப்பலைத் தாமதித்ததற்கான பணம், கட்ட வேண்டும். களஞ்சியத்தில் பாரம் எழுதுவதோடு நிற்காமல், மேலாளரிடம் கேட்டு இந்தக் கணக்கைப் பழகுங்கள். மாலையில் சிஐஎல்டி (லொஜிஸ்டிக்ஸ், போக்குவரத்து) அல்லது சிஐபிஎஸ் (கொள்வனவு) தொழில்சார் தகைமை படிக்கலாம். அவற்றைப் படிகளாகப் பிரித்துத் தொழில் செய்துகொண்டே முடிக்கலாம், சம்பளத்திலிருந்தே கட்டலாம்.

இப்படி இன்னொரு வருடம் போனால் ஒரு பெரிய கதவு திறக்கிறது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள். முழுநேரம் வேலை செய்பவருக்கு அது ஏறக்குறைய ஒன்றரை வருடம். கிடைத்தால் கட்டணம், மாதச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. முடித்ததும் இலங்கைக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போட்டி கடுமை. ஆனாலும் மொத்தச் சரக்குத் துறைமுகம் ஒன்றில் வேலை செய்தவர் சொல்ல நிறைய விஷயம் இருக்கும். வழக்கமாக ஓகஸ்டில் விண்ணப்பம் திறப்பார்கள்.

அது கிடைக்காவிட்டால் ஜேர்மனியைப் பாருங்கள். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. விசாவுக்காக, வாழ்க்கைச் செலவுக்கென்று முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். யூரோ 350 ரூபா என்றால் சுமார் 42 இலட்சம். அதை மாதாமாதம் நீங்களே எடுத்துச் செலவழிக்கலாம். வேலைக்கு ஜேர்மன் மொழி வேண்டும், அதை இப்போதே தொடங்குங்கள்.

அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தை எந்த வழியிலும் தொடவேண்டாம். காணியைப் பற்றித் தங்கையையும் உட்கார வைத்துப் பேசுங்கள். உறுதியில் பெயர் இல்லாவிட்டாலும் அது அவருடைய பங்கு.

டெபொசிட் இப்போது கட்டாதீர்கள். பல ஏஜென்சிகளுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வருகிறது, அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழகத்துக்கு நீங்களே நேரடியாக மின்னஞ்சல் எழுதி, அனுமதியை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள்.