ஆல்டோ சாக்ஸபோனில் 'சி' வாசித்தால் ட்யூனர் 'இ ஃபிளாட்' காட்டுவது ஏன்?

புது ஆல்டோ சாக்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் 'சி'யை வாசித்தால் ட்யூனர் ஆப் 'இ ஃபிளாட்' என்கிறது. வீட்டுக் கீபோர்டோடும் சேரவில்லை. கருவியில் கோளாறா என்று கேட்கிறீர்கள். கோளாறு இல்லை. கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

எனக்கும் இதே சந்தேகம் வந்தது. மவுத்பீஸை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 'இ ஃபிளாட்'டை 'சி'க்கு இறக்கிவிடலாம் என்று இழுத்தேன், இன்னும் இழுத்தேன், கடைசியில் அது கையோடு வந்துவிட்டது. இழுப்பதும் தள்ளுவதும் துளி சுருதி விலகலைச் சரிசெய்யத்தான். மூன்று அரைச்சுரத்தை (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து மூன்று கீ தூரம்) அதில் நகர்த்த முடியாது.

புல்லாங்குழல் வித்வான் பையைத் திறந்தால் சுருதிக் கட்டைக்கு ஒன்றாகப் பல குழல்கள் இருக்கும். எதை எடுத்தாலும் ஸ-வுக்கு விரல் வைக்கும் முறை ஒன்றுதான். வரும் ஒலிதான் வேறு. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என்று பல அளவுகளில் இருக்கும் சாக்ஸ் குடும்பமும் அப்படித்தான். இங்கே 'சி' என்பது விரல் அமைப்புக்கு வைத்த பெயர். இடது கை நடுவிரலை மட்டும் அழுத்தினால் எந்த சாக்ஸிலும் அது 'சி'. ஆல்டோவிலும் பாரிடோனிலும் ஒலிப்பது இ ஃபிளாட், அதாவது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. சோப்ரானோவிலும் டெனரிலும் பி ஃபிளாட், ஆறரைக் கட்டை.

இந்தக் கருவியை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் பெல்ஜியத்துக்காரர். 1846-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கினார். பல அளவுகளில் ஒரு குடும்பமாகவே செய்தார். இ ஃபிளாட், பி ஃபிளாட் சாக்ஸ்கள் ராணுவ பேண்டு வாத்தியத்தில் வேரூன்றிவிட்டன. ஒலிக்கும் சுரத்தையே தாளில் எழுதியிருந்தால் ஆல்டோக்காரர் டெனரைக் கையில் எடுக்கும்போது விரல் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். அந்தத் தலைவலி வாசிப்பவருக்கு வேண்டாம் என்று நோட்டு எழுதுபவர் தலையில் கட்டிவிட்டார்கள். மெல்லிசைக் குழுவில் நோட்டு எழுதுபவரும் நாம்தான் என்பது வேறு விஷயம்.

இனி கணக்கு. கீபோர்டில் வரும் சுரத்திலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இறங்கினால் ஆல்டோவில் வாசிக்க வேண்டிய சுரம் கிடைக்கும். 'சி' என்றால் 'ஏ', 'எஃப்' என்றால் 'டி', 'ஜி' என்றால் 'இ'. ஸ்தாயி மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். கீபோர்டின் நடு 'சி' வேண்டுமா? ஆல்டோவில் இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அழுத்தி ஊதுங்கள், ஆக்டேவ் கீ (ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் விசை) இல்லாமல். அது உங்கள் 'ஏ'. ட்யூனர் 'சி' என்று காட்டும். டெனர் என்றால் இரண்டு அரைச்சுரம் மேலே ஏற வேண்டும்: 'சி'க்கு 'டி'.

பாடகர் ஒரு கட்டையில் பாடுகிறார் என்றால் ஆல்டோக்காரருக்கு ஸ இருப்பது 'ஏ'யில். டூயட் படத்தில் கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டு ஆசைப்பட்டு சாக்ஸ் எடுத்தவர்கள் நம்மில் நிறைய. ஸ-வை நகர்த்திப் பழகிய கர்நாடக சங்கீதக் காதுக்கு இது பெரிய விஷயமே இல்லை. மேற்கத்திய முறையில் தொடங்கியவர்கள்தான் அதிகம் திண்டாடுகிறார்கள்.

கித்தார்க்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களுக்கு 'இ' மேஜர் என்றால் கொண்டாட்டம். ஆல்டோவில் அது சி ஷார்ப் மேஜர் ஆகிறது, ஏழு ஷார்ப்! அதையே டி ஃபிளாட் என்று நினைத்துக்கொண்டால் ஐந்து ஃபிளாட்டோடு தப்பிக்கலாம். ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் "சும்மா 'இ'ல எடுங்க அண்ணே" என்று தம்பி ஒருவன் சொல்ல, நான் தலையாட்டிவிட்டு நிஜமாகவே என் 'இ'யில் எடுத்தேன். என் 'இ' கித்தாருக்கு 'ஜி'. முன்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த தாத்தா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கிளாரினெட் வாசித்த பழக்கம் இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சாக்ஸில் ஆக்டேவ் கீயை அழுத்தினால் அதே சுரம்தான் மேல் ஸ்தாயியில் வரும். கிளாரினெட்டில் அதுபோன்ற கீ வேறு சுரத்துக்குத் தாவிவிடும். அந்த விரல் நினைவை மறந்துவிடுங்கள்.

இப்போதைக்கு கீபோர்டில் டிரான்ஸ்போஸை (மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் வசதி) +3 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே பெயருள்ள சுரம் ஒத்துப்போகும். கீபோர்டில் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும், அவ்வளவுதான். முடித்ததும் பூஜ்யத்துக்கு மாற்றி வையுங்கள். நான் மறந்துபோய், என் தங்கை மறுநாள் முழுக்க மூன்று அரைச்சுரம் ஏற்றிப் பாடிவிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டாள்.