திருவாரூர் பக்கம் வயலை மனையாக்கிய நகரில் வீடு கட்டுகிறேன். மழைநீர்க் குழி தோண்டினால் போதுமா?

வரைபட அனுமதிக்கு மழைநீர் சேகரிப்பைக் காட்டச் சொல்கிறார்கள், அந்தக் குழியோடு கடமை முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுமதி வாங்க அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிச்சயம் போதாது.

தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003இல். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளிலும் அது இருக்கிறது. ஜல்லியும் மணலும் போட்ட குழி மணற்பாங்கான இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். நம் பக்கம் களிமண். தண்ணீர் சட்டென்று இறங்காது. ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் நம் கடைமடையில் அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீரும் மேலே வந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,200 சதுர அடி மொட்டைமாடி சுமார் 111 சதுர மீட்டர். டெல்டாவில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்வது அதிசயமில்லை. அன்றைக்கு உங்கள் மாடியிலிருந்து மட்டும் 11,000 லிட்டர் இறங்கும். நாலடிக்கு நாலடி, ஐந்தடி ஆழக் குழி காலியாக இருந்தாலே சுமார் 2,260 லிட்டர்தான் பிடிக்கும். ஜல்லி போட்டால் அதில் பாதிகூடத் தேறாது.

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் மனை முன்பு வயலாக இருந்தது. வரப்புக்குள் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். அவ்வளவையும் பிடித்து வைத்து, மெதுவாக வடிகாலில் விட்ட நிலம் அது. அதில் கிராவல் அடித்து மேடாக்கி, வடிய வழி செய்யாமல் விட்டால் அந்தத் தண்ணீர் பக்கத்துச் சம்பாப் பயிரில்தான் போய் நிற்கும். அதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன், அனுமதி கையில் இருந்தாலும்.

அதனால் அஸ்திவாரத்துக்கு முன், உங்கள் தண்ணீர் எந்த வடிகாலில் போய்ச் சேரும் என்று பாருங்கள். புலப்படமும் (உங்கள் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்ற கிராமக் கணக்கு) அரசின் இணையதளத்திலேயே கிடைக்கும். வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கான அரசு நிலம், எங்கே ஓடுகிறது என்று அதில் தெரியும். அப்புறம் பக்கத்து வயல்காரர் ஒருவரோடு நடந்து பாருங்கள். எது பாசன வாய்க்கால், எது வடிகால், எது பெரியமழையில் எதிர்த்து ஏறும் என்று அவர் சொல்வது எந்தப் படத்திலும் இருக்காது.

மனை பிரித்து நகர் போட்டவரிடம், வெள்ளம் தேங்குவது குறித்து நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்றின் நகலைக் கேளுங்கள். மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், வாய்க்காலை எப்படி விட வேண்டும் என்ற நிபந்தனைகளை அதில் பார்க்கலாம். நகர் வாசலில் வாய்க்காலின் மேல் சாலை போட்டிருந்தால், அடியில் புதைத்த குழாய் வாய்க்காலின் அகலத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் முட்டி நிற்கிறது.

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடம் என்பது விதி. அந்த இடத்தை மட்டும் மேடாக்காமல் பள்ளமாகவே விடச் சொல்லி எல்லா மனைக்காரர்களும் சேர்ந்து கேளுங்கள். குளமாக வெட்டினால் இன்னும் நல்லது. பழைய தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர்தான் சிவகங்கைக் குளத்துக்குப் போனது. ஊருக்குள்ளேயே நீருக்கு இடம் விடுவது நமக்குப் புதிதில்லை.

உங்கள் வீட்டுக்கு என்றால், மாடித் தண்ணீரை வடிகட்டி நிலத்தடித் தொட்டியில் சேருங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். கிணறு இருந்தால் மிச்சம் அதற்குள் போகட்டும். அதுவும் நிறைந்தபின் வழிவது தெருவில் கொட்டாமல் வடிகாலுக்குப் போகத் தனிக் குழாய் வையுங்கள். வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக்கிடந்தால் அந்தக் குழாயிலும் தண்ணீர் எதிர்த்துத்தான் வரும். புரட்டாசியிலேயே ஆள் வைத்து வெட்டிவிடுங்கள்.