எரு போட்டும் கிழங்குச் செடி பூக்கவில்லையே, ஏன்?

கேட்டவர் சொன்னது: அமரில்லிஸ், கிளாடியோலஸ் கிழங்குகளை ரசாயன உரம் இல்லாமல் வளர்க்கிறார். நடும்போது தொட்டி நிறைய எரு போட்டும் அமரில்லிஸில் இலைதான் வருகிறது. இயற்கை உரமும் உயிர் உரமும் (செடிக்கு உதவும் நுண்ணுயிர்கள்) மட்டும் போதுமா?

போதும். ஆனால் நீங்கள் உரம் போட்ட நேரம் சரியில்லை என்று நினைக்கிறேன்.

அடி அழுகிப்போன அமரில்லிஸ் கிழங்கு ஒன்றைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஒருமுறை நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். வெங்காயம் போல அடுக்கடுக்கான செதில்கள். நடுவில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக வெளிர்பச்சையில் ஒரு மொட்டு! அடுத்த பூ அங்கேயே தயாராக இருந்தது. ஹயசிந்த் கிழங்கை வெறும் தண்ணீர்க் குடுவையின் வாயில் உட்கார வைத்தாலே பூப்பதும் இதனால்தான். இந்த வருஷப் பூ, போன வருஷம் இலைகள் சேர்த்து வைத்த உணவு. அமரில்லிஸ் ஏறக்குறைய 4 இலைக்கு ஒரு பூமொட்டை உள்ளே உருவாக்கும். அதனால் இலை வருகிறதே என்று வருத்தப்படாதீர்கள்.

பூ வாடியதும் பூந்தண்டை மட்டும் வெட்டுங்கள், இலையைத் தொடாதீர்கள். அப்போதுதான் உரம் போட வேண்டும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தொட்டியின் ஓரமாகப் போட்டுக் கிளறி, தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். இலை தானாக மஞ்சளாகத் தொடங்கினால் உரத்தை நிறுத்திவிடலாம். கிளாடியோலஸ் மட்டும் வேறு மாதிரி. நட்ட பிறகுதான் அதன் பூந்தண்டு உள்ளே உருவாகத் தொடங்கும். ஆகவே 2, 3 இலை வந்ததுமே உரம் கொடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன கிழங்கு அழுகியதற்குக் காரணம், அதன் அடியில் நான் வைத்த சரியாக மட்காத சாணம். ஒரு வாரம் விடாமல் மழை. இலை சாய்ந்ததும் தோண்டினால் கிழங்கின் அடித்தட்டு பழுப்பாகி, கட்டைவிரலால் அழுத்தியதும் கொழகொழவென்று உள்ளே போனது. அழுகிய வெங்காய நாற்றம். இன்னும் மனசு ஆறவில்லை. மட்கிய எரு கையில் எடுத்தால் சூடு இருக்காது, மழை பெய்த மண் மாதிரி மணக்கும். அப்படிப்பட்டதையும் மண்ணோடு கலந்துதான் போட வேண்டும். கிழங்கு உட்காரும் இடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் போடுங்கள்.

உயிர் உரங்களில் கிழங்குச் செடிக்கு நான் முதலிடம் கொடுப்பது டிரைக்கோடெர்மாவுக்கு. அடியழுகலைக் கொண்டுவரும் பியூசேரியம் போன்ற பூஞ்சைகளை எதிர்க்கும் நல்ல பூஞ்சை அது. மட்கிய எரு, கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு, இவற்றோடு கலந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி, நிழலில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் எரு முழுக்கப் பரவிவிடும். அப்புறம் நடவு மண்ணில் கலக்கலாம். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும், பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையான மைக்கோரைசா வேரைத் தொட்டால்தான் வேலை செய்யும், அதனால் நடும்போதே வேருக்குப் பக்கத்தில் போட வேண்டும்.

இவை எல்லாம் உயிருள்ளவை. வெயிலில் வைத்த பாக்கெட்டும், காலாவதியான பாக்கெட்டும் வேண்டாம். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடும் சாம்பலோடும் சேர்த்துக் கலக்காதீர்கள். மணிச்சத்துக்காகப் போடும் எலும்புத்தூளைப் பற்றி ஒன்று: காரத்தன்மையுள்ள மண்ணில் அது எளிதில் கரையாது, அங்கே அதை நம்பி இருக்க வேண்டாம்.

சரி, இப்போது இலையோடு நிற்கும் உங்கள் அமரில்லிஸைத் தோண்ட வேண்டாம். கழுத்தை மூடியிருக்கும் எருவை மட்டும் கையால் விலக்கி, கிழங்கின் மேல்பாதி வெளியே தெரியும்படி விட்டுவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும்.