மலையகக் குளிரில் மினியேச்சர் உருவங்களுக்கு எண்ணெய் வர்ணம் பூசினால் காயுமா?

காயும், பொறுமை மட்டும் வேண்டும். எண்ணெய் வர்ணம் ஈரத்துணி மாதிரிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை இழுத்து இறுகுகிறது. குளிரில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். நான் ஹட்டன் பக்கம். ஜூன், ஜூலை மழையில் வெள்ளை பூசினால் ஒரு கிழமைக்குத் தொடவே மாட்டேன். பர்ன்ட் அம்பர் என்கிற கடும் மண்ணிறம் சீக்கிரம் இறுகிவிடும், அதிலுள்ள மாங்கனீசு செய்கிற உபகாரம்.

அவசரமென்றால் ஒரு வழி இருக்கிறது. வர்ணத்தைக் காட்போட் மட்டையில் பிதுக்கி அரை மணி நேரம் விடுங்கள். மட்டை எண்ணெயைக் குடித்துவிடும், மினுமினுப்பும் குறையும். அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன், உருவத்தின் கால் வளைந்து, மேலெல்லாம் சாம்பல்.

அடிப்பூச்சு அக்ரிலிக்காக இருக்கட்டும். அது காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ், ஒரு நாள் கழித்து எண்ணெய். எண்ணெய் வர்ணத்தைக் கரைக்கக் கடையில் டர்பன்டைன் கேட்டு வாங்கினால் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். ஒரு தடவை எனக்குத் தின்னரைக் கொடுத்துவிட்டார்கள், அடிப்பூச்சு வார்னிஷோடு உரிந்து வந்துவிட்டது.

இப்போது மேசையில் நிற்பது 54 மில்லிமீற்றர் உயரத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணி முழுக்க, டர்பன்டைனில் கரைத்த அம்பரைத் தண்ணி மாதிரி ஓடவிட்டேன். அரை மணி கழித்து, காதுக் குச்சியை லேசாக நனைத்து, பிழிந்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. மேடு வெளுத்தது, மடிப்புக்குள் கருமை தங்கியது. இந்த ஒரு இழுப்புக்காகத்தான் நான் அக்ரிலிக்கை விட்டு இதற்கு வந்தேன். முகத்துக்குக் குச்சி சரிவராது, மெல்லிய தூரிகைதான்.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். எண்ணெய்த் துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

தூசி விழாமலிருக்க ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து, காற்றுப் போக ஓரத்தில் தீக்குச்சி முட்டுக்கொடுத்திருந்தேன். மறுநாள் காலை அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர்.

"என்னடா, படங்கு முழுக்க ஒரே அழுக்கா இருக்கு? செடியில ஒரசுறது தொடைக்கு நேராத்தானே. அங்கதான் ஈரமும் கறையும் இருக்கும்."

வர்ணம் இன்னும் இறுகவில்லை. டர்பன்டைனில் தூரிகையைத் தொட்டு இடுப்புப் பக்கத்தைத் துடைத்தேன், தொடைக்கு நேரே இன்னொரு பூச்சு அம்பர் கொடுத்தேன்.

"ம்ம்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.