முன்னாள் ராணுவ வீரரான என் தாத்தா குளிப்பாட்ட வருபவரை அருகில் விடுவதில்லை, எப்போதும் படை நாட்களைப் பற்றியே பேசுகிறார். பேச விடலாமா?

தாராளமாகப் பேச விடுங்கள். முடிந்தால் எழுதியும் வையுங்கள். வீட்டுக்குச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் செவிலியராக இதைச் சொல்கிறேன்.

பழையதையே பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே இதை மறுத்து எழுதினார். முதுமையில் மனம் தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வது இயல்பு என்பது அவர் வாதம்.

எனக்கு அந்தக் கதைகள் வேலைக்கே உதவியிருக்கின்றன. நான் கவனித்த ஒரு பெரியவர் எதைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொட்டால் கையைத் தட்டிவிடுவார். பிடிவாதக்காரர் என்று வீட்டார் முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு நாள் பீரங்கிக்கு எந்தப் பக்கம் நிற்பார் என்று பேச்சுவாக்கில் சொன்னார். பீரங்கியை நோக்கியிருந்த காதுதான் பழுதாகியிருந்தது. கட்டில் போடப்பட்டிருந்த விதத்தால் நாங்கள் எல்லோரும் அந்தக் காதருகேதான் பேசிக்கொண்டிருந்தோம். வெடிச்சத்தத்தில் அழிந்த உள்காது உணர்செல்கள் மீண்டும் வளர்வதில்லை. உயர்ந்த ஒலிகள் முதலில் போவதால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது, கத்தியும் பயனில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அதன்பின் முகம் பார்த்து, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டால் மறுக்கவே மாட்டார்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மேடிசன் நகர மருத்துவமனையில் 2013-இல் தொடங்கிய ஒரு திட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீரரின் வாழ்க்கையை அவரிடமே கேட்டு, அவர் சொல்வதுபோல் ஓரிரு பக்கங்களில் எழுதுகிறார்கள். அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்திய பிறகு, அவர் சம்மதித்தால் மருத்துவக் கோப்பில் சேர்க்கிறார்கள். மருந்துப் பட்டியலைப் பார்க்கும் மருத்துவர் அந்த மனிதரையும் படித்துவிடுகிறார். வீட்டிலும் இதைச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று யாரும், குறிப்பாகப் பேரக்குழந்தைகள், கேட்க விடாதீர்கள். முதல் நாள் சீருடை, கூடத் தூங்கிய நண்பர்கள், வீட்டிலிருந்து வந்த கடிதம் என்று தொடங்குங்கள். போரைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். போர்முனையையே பார்க்காமல் கிடங்கிலும் சமையற்கூடத்திலும் பணியாற்றியவர்கள் "என்னிடம் என்ன கதை இருக்கிறது" என்பார்கள். அவர்களையும் விடாமல் கேளுங்கள்.

பல பத்தாண்டுகள் அடங்கியிருந்த போர் நினைவுகள் ஓய்வுக்குப் பிறகோ, துணையை இழந்த பிறகோ, மறதி நோயின் தொடக்கத்திலோ மேலெழுவதுண்டு. பேசிய இரவுகளில் அலறி விழித்தால், பகலில் திடுக்கிட்டால், கேள்விகளை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் தூங்கும்போது உலுக்கி எழுப்ப வேண்டாம். கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அடிக்கச் சொல்லும் வரிகளை மறுபேச்சில்லாமல் அடித்துவிடுங்கள். வெளியாள் படிக்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்ளும் பகுதியை மட்டும் தனித்தாளில் எழுதி, எந்தக் காது கேட்கும், எப்படி அழைத்தால் பிடிக்கும் என்பதையும் அதிலேயே சேர்த்து, மருந்துப் பெட்டியோடு வையுங்கள். புதிதாக வரும் பணியாளர் அதைப் படித்த பிறகே அவரைக் குளிப்பாட்டப் போகட்டும்.