சொத்து வரியோடு வரும் நூலக வரி எதற்கு?

சேலத்தில் சொத்து வரி கட்டும்போது கூடவே வரும் நூலக வரி என்பது, சொத்து வரியில் 10 சதவீதத்தைப் பொது நூலகங்களுக்கென்று தனியாக வசூலிப்பது. புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பித் தருபவர் கட்டும் கட்டணத்தை வைத்து ஒரு நூலகத்தை நடத்த முடியுமா என்ன? அதனால்தான் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது மாதிரிதான், கூழ் குடிக்க வராதவரும் கொடுக்கிறார், கூழ் எல்லோருக்கும் உண்டு.

ஒரே ஆள் கதவைத் திறந்து, பேப்பரைப் பிரித்துப் போட்டு, தேதி முத்திரை குத்தி, கடைசியில் பூட்டிவிட்டும் போகிற சின்ன நூலகங்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன (அவரைப் பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள்). கூடுதலாக உதவ நினைத்தால் 1000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம்.

அப்புறம், வரி கட்டினாலே உறுப்பினர் என்று நினைக்காதீர்கள், புத்தகம் வீட்டுக்கு எடுத்துப்போகத் தனியாகச் சேர வேண்டும்.